பெயர் சொல்லிப் பழகுங்கள்

தாராவியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நடத்தும் டேக்வாண்டோ வகுப்பில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பூம்சே செய்ய வந்து நிற்கும் பிள்ளை முதலில் அதன் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். "தேகுக் சாம் ஜாங்" என்று சொன்ன பிறகுதான் ஜுன்பி, அதாவது தயார் நிலை. சொல்லாவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி வர வேண்டியதுதான். என்னோடு சேர்ந்து சொல்லிக்கொடுக்கும் மாஸ்டருக்கே இது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. "பெல்ட் டெஸ்ட்ல கைகாலைத்தானே பார்க்கப் போறாங்க, பேரு தெரிஞ்சா என்ன, தெரியலைன்னா என்ன?" என்கிறார். பெற்றோரும் இதையே கேட்கிறார்கள். வகுப்பு முடிந்த அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடிவதில்லை என்பதால் இங்கே விரிவாக எழுதிவிடுகிறேன்.

பூம்சே என்றால் எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே தடுக்க வேண்டும், எந்தக் கையால் குத்த வேண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே வகுத்து வைக்கப்பட்டிருக்கும். கராத்தேக்காரர்கள் கட்டா என்பது இதைத்தான். சியோலில் 1972-இல் திறக்கப்பட்ட டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோனின் முறையில் கறுப்புப் பட்டைக்கு முன்னால் எட்டு தேகுக், அதற்குப் பிறகு கோர்யோ தொடங்கி இல்யோ வரை ஒன்பது. மும்பையில் பெரும்பாலான வகுப்புகள் இந்த வழிதான். ஜெனரல் சோய் ஹோங் ஹி 1966-இல் தொடங்கிய சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பின் (ஐடிஎஃப்) வழியில் போனவர்களுக்கு வேறு இருபத்து நான்கு உண்டு. அவர்கள் அதை 'துல்' என்பார்கள்.

இந்தப் பெயர்கள் நம் பக்கத்தில் என்ன கதியில் இருக்கின்றன என்றால், தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டுப் பிள்ளைகளுக்கு "பெஹ்லா வாலா, தூஸ்ரா வாலா". செம்பூர், மாட்டுங்கா பிள்ளைகளுக்கு "பேட்டர்ன் ஒன், பேட்டர்ன் டூ". குறை பிள்ளைகள் மேல் இல்லை. இல் ஜாங், ஈ ஜாங், சாம் ஜாங் என்றால் முதல் அத்தியாயம், இரண்டாம் அத்தியாயம், மூன்றாம் அத்தியாயம் என்றுதான் அர்த்தம். அதையே இந்தியில் சொல்கிறோம், என்ன தப்பு என்று கேட்டால் தப்பில்லைதான். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இன்னொரு பெயர் இருக்கிறது, அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எட்டு தேகுக்குக்கும் எட்டுக் குறிகள்: வானம், ஏரி, நெருப்பு, இடி, காற்று, நீர், மலை, நிலம். தென்கொரியக் கொடியின் நான்கு மூலைகளிலும் கறுப்புக் கோடுகள் இருக்கின்றனவே, அவை இந்த எட்டில் நான்குதான். வானம், நெருப்பு, நீர், நிலம். அதாவது ஒன்றாவது, மூன்றாவது, ஆறாவது, எட்டாவது பூம்சே. கொடியின் நடுவில் இருக்கும் சிவப்பு நீல வட்டத்துக்குப் பெயர்தான் தேகுக். கொடியின் படத்தைக் காட்டி இதைச் சொல்லிக்கொடுத்த அன்று பிள்ளைகளுக்கு வந்த உற்சாகம் ஒரு புதிய உதையைச் சொல்லிக்கொடுத்தபோதுகூட வந்ததில்லை.

குறி தெரிந்தால் உடம்பு மாறுகிறது. இதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சில் ஜாங், ஏழாவது, மலை. அதில் ஓர் இடத்தில் இரண்டு பாதங்களையும் சேர்த்து நின்று, வலது கை முஷ்டியை இடது உள்ளங்கையால் மூடி, நெஞ்சுக்கு முன்னால் மெதுவாக மேலே கொண்டுவர வேண்டும். உதை இல்லை, குத்து இல்லை, சத்தமும் இல்லை. பதினோரு வயதுப் பையனுக்கு இது வேண்டாத வேலை. முன்னால் உள்ளங்கைத் தடுப்பு, சற்றுப் பின்னால் முழங்கால் இடி, நடுவில் எதற்கு இது என்று நினைப்பான். அரை நொடியில் கையைத் தூக்கி இறக்கிவிட்டு அடுத்ததுக்குத் தாவுவான். "மெதுவா, மெதுவா" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் நடக்காது. "இது மலைடா. மலை எங்கயாவது ஓடுமா?" என்று கேட்டால் போதும். தோள் இறங்கும், மூச்சு வயிற்றுக்குப் போகும், குதிகால் தரையில் பதியும். கை தானாக மெதுவாக எழும்பும். பயிற்சியாளர் பத்து வாரம் திருத்த வேண்டியதை அந்தப் பெயர் திருத்திவிடுகிறது.

போட்டி விதிகளும் இதற்கு இடம் வைத்திருக்கின்றன. பூம்சேக்கு மொத்தம் பத்து மதிப்பெண். துல்லியத்துக்கு நான்கு, வெளிப்பாட்டுக்கு ஆறு. அந்த ஆறில் வேகத்துக்கும் வலுவுக்கும் இரண்டு, தாளத்துக்கு இரண்டு, உள்ளிருக்கும் ஆற்றலை வெளிக்காட்டுவதற்கு இரண்டு. சிறு பிழைக்கு 0.1, பெரிய பிழைக்கு 0.3 என்று வெட்டுவார்கள். நாம் பிள்ளைகளை முதல் நான்கு மதிப்பெண்ணுக்கு மட்டும்தான் தயார் செய்கிறோம். கடைசி இரண்டு மதிப்பெண்ணை எதை வைத்து வாங்குவது? எந்த ஆற்றலை வெளிக்காட்டுவது? நெருப்பையா, நீரையா? பெயரே தெரியாத பிள்ளை முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கியாப் கத்துகிறது, அவ்வளவுதான்.

நம் ஊரில் இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அருணாசலப் பிரதேசத்துப் பெண் ரூபா பாயோர் மும்பைக்கு வந்து பயிற்சி எடுத்தவர். 2024 மே மாதம் வியட்நாமின் தானாங்கில் நடந்த ஆசிய பூம்சே சாம்பியன்ஷிப்பில் தனிநபர் வெண்கலம் வாங்கினார். அவருடைய வீடியோக்களை எங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன். உதையை விட்டுவிட்டு, உதைக்கு முன்னால் அவர் நிற்கும் இடங்களைப் பாருங்கள் என்பேன்.

குக்கிவோன் வழியில் வளர்ந்தவள் நான். ஆனாலும் ஐடிஎஃப்காரர்களிடம் எனக்கு ஒரு பொறாமை உண்டு. அவர்களுடைய துல்களில் பெரும்பாலானவை மனிதர்களின் பெயர்கள். சும்மா வைத்த பெயர்களும் இல்லை, எத்தனை அசைவு என்பதற்கே கணக்கு இருக்கிறது. யுல்கோக் என்ற அறிஞர் பிறந்த ஊர் 38-ஆவது அட்சக்கோட்டில் இருப்பதால் அவர் பெயரிலான துல்லுக்கு 38 அசைவுகள். சாம்-இல் என்பது 1919 மார்ச் 1 அன்று நடந்த விடுதலை எழுச்சியைக் குறிப்பது. அன்று பிரகடனத்தில் கையெழுத்திட்ட முப்பத்து மூன்று பேருக்காக 33 அசைவுகள். சேஜோங் மன்னர் உருவாக்கிய எழுத்துமுறையில் இன்று 24 எழுத்துகள், அவர் பெயரிலான துல்லுக்கும் 24. கடற்படைத் தளபதி யி சுன்-சின் 1598-இல் போர் நடந்துகொண்டிருக்கும்போதே குண்டடிபட்டு இறந்தவர். அவருடைய சுங்மு துல் இடது கைத் தாக்குதலோடு முடியும். தன் திறமையை முழுக்கக் காட்ட வாய்ப்பில்லாமலே போய்விட்ட வாழ்க்கை என்பதற்காக அப்படி வைத்தார்கள்.

எனக்கு மறக்கவே முடியாதது ஜுங்குன். அன் ஜுங்-குன் என்ற இளைஞர் 1909 அக்டோபர் 26 அன்று ஹார்பின் ரயில் நிலையத்தில் இறங்கிய இதோ ஹிரோபுமியைச் சுட்டுக் கொன்றார். அந்த ஹிரோபுமி அதற்குச் சில மாதங்கள் முன்புவரை கொரியாவில் ஜப்பானின் ரெசிடென்ட் ஜெனரலாக இருந்தவர். அடுத்த ஆண்டு மார்ச் 26-இல் அன் தூக்கிலிடப்பட்டார். கொரியர்களின் கணக்கில் அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. துல்லுக்கு 32 அசைவுகள். அதைச் செய்யும் பிள்ளை ஒவ்வோர் அடியிலும் அவருடைய ஒரு வருஷத்தைக் கடக்கிறது. முப்பத்திரண்டாவது அசைவு முடிந்ததும் நிற்க வேண்டியதுதான், அதற்கு மேல் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு செய்வதும் தெரியாமல் செய்வதும் ஒன்று என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு ரயில் நிலையம் என்றதும் வேறொன்று ஞாபகம் வந்திருக்கும். ஹார்பின் சம்பவம் நடந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். தாராவித் தமிழர்களில் பெரும்பகுதி அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஆகவே ஜுங்குன் கதையை அவர்களுக்கு விளக்க எனக்கு அதிக நேரம் ஆவதில்லை. ஆனால் அங்கேதான் ஒரு சிக்கலும் ஆரம்பமாகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், கொரியர்கள் ஏன் இப்படிப் பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். 1910 முதல் 1945 வரை முப்பத்தைந்து வருஷம் கொரியா ஜப்பானின் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் ஜப்பானில் படித்த கொரிய இளைஞர்கள் கராத்தே கற்றார்கள். சோய் ஹோங் ஹியும் அப்படிக் கற்றவர்தான். விடுதலைக்குப் பிறகு சியோலில் முளைத்த பயிற்சிக் கூடங்களில் சொல்லிக்கொடுத்ததும் பெரும்பாலும் அந்தக் கட்டாக்களையேதான். ஒகினாவாவில் இதோசு அன்கோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்த 'பினான்' ஜப்பானுக்குப் போய் 'ஹெயான்' ஆனது, கொரியாவுக்கு வந்து 'பியோங்கான்' ஆனது. சீன எழுத்தில் மூன்றும் ஒன்றே. தாங் சூ டோ வகுப்புகளில் இன்றைக்கும் அந்தப் பெயரில்தான் செய்கிறார்கள். நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. எங்கிருந்து வாங்கினோம் என்பதை மறைக்காத பெயர் அது.

சோயும் மற்றவர்களும் அதோடு நிற்க விரும்பவில்லை. 1955-இல் டேக்வாண்டோ என்ற பெயர் வந்தது. அசைவுத் தொடர்களையும் புதிதாக அமைத்தார்கள், தங்கள் ஆட்களின் பெயரை வைத்தார்கள். இந்த வேகத்தைப் புரிந்துகொள்ள 1940-ஐத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து ஆகஸ்டுக்குள் கொரியக் குடும்பங்கள் ஜப்பானிய முறையில் குடும்பப் பெயர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று காலனி அரசு கெடு வைத்தது. பதிவு செய்யாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தொல்லை, பெரியவர்களுக்கு வேலையில் தொல்லை. கெடு முடிவதற்குள் ஏறக்குறைய எண்பது சதவீதம் பேர் மாற்றிக்கொண்டார்கள். தாத்தா பெயரைத் தாளில் எழுத முடியாமல் இருந்த தலைமுறை அது. அவர்கள் கையில் அதிகாரம் வந்ததும் குத்துக்கும் உதைக்கும்கூடத் தங்கள் முன்னோர் பெயரை வைத்தார்கள்.

இனி அந்தச் சிக்கல். எங்கள் பகுதியில் ஒரு பொங்கல் விழாவில் பிள்ளைகள் பூம்சே செய்து காட்டினார்கள். பார்த்துவிட்டு ஒரு பெரியவர் உண்மையான அக்கறையோடு சொன்னார்: "ஏம்மா, கொரியாக்காரன் அவன் ஆளு பேரை வச்சான். நாம நம்ம ஆளு பேரை வச்சுக்கிட்டா என்ன? கட்டபொம்மன், பூலித்தேவன், வாஞ்சி..." பக்கத்தில் இருந்த இன்னொருவர் வாஞ்சி பெயரைக் கேட்டதும் எழுந்துவிட்டார். வாஞ்சிநாதன் விட்டுச்சென்ற கடிதத்தில் சனாதன தர்மம் பற்றி இருந்ததைச் சுட்டிக்காட்டி, அவரைக் கொண்டாட மாட்டோம் என்று சொல்லும் தலித் குடும்பங்கள் இங்கே நிறைய. ஒண்டிவீரன் பெயரை வைப்பீர்களா, இம்மானுவேல் சேகரன் பெயரை வைப்பீர்களா என்று அவர் கேட்டார். கேட்டது நியாயம். அன்று பேச்சு வெகு நேரம் போனது.

என் முடிவு அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். மாற்றக் கூடாது. நாம் புதிதாக ஒரு தொடரை உருவாக்கினால் தாராளமாக நம் பெயரை வைக்கலாம், அந்தச் சண்டையையும் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இன்னொருவர் உழைத்து அமைத்ததன் மேல் நம் பெயரை ஒட்டுவது வேறு காரியம். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஐடிஎஃபிலேயே சாட்சி இருக்கிறது. இருபத்து நான்கில் முன்பு கோடாங் என்று ஒன்று இருந்தது. கோடாங் என்பது சோ மான்-சிக்கின் புனைபெயர். 1920-களில் பியோங்யாங்கில் உள்நாட்டுப் பொருட்களையே வாங்குவோம் என்று இயக்கம் நடத்தியவர். கொரியாவின் காந்தி என்றே அவரைச் சொல்வார்கள். விடுதலைக்குப் பிறகு சோவியத் படை அவரைக் காவலில் வைத்தது. 1972-இல் தென்கொரியாவை விட்டு வெளியேறிக் கனடாவுக்குப் போன சோய், பிறகு வடகொரியாவோடு நெருங்கினார். 1980-களில் கோடாங் நீக்கப்பட்டு அந்த இடத்தில் ஜூச்சே வந்தது. ஜூச்சே வடகொரிய அரசின் சித்தாந்தத்தின் பெயர். அந்த ஆட்சி வேரூன்றிய நாட்களில் காணாமல் போன மனிதரின் இடத்தில் அந்த ஆட்சியின் கொள்கையே வந்து உட்கார்ந்தது. 2002-இல் சோய் பியோங்யாங்கில் காலமானார். அதன் பிறகு ஜூச்சேயின் அசைவுகளை அப்படியே வைத்துக்கொண்டு கோடாங் என்று பெயரை மட்டும் மாற்றிக்கொண்ட அமைப்பும் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனாலும் அந்தக் காந்தியவாதிக்காக அமைத்த அசைவுகள் அதில் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

ஏழாம் அறிவு படம் 2011-இல் வந்ததிலிருந்து இன்னொரு கேள்வியும் ஓயாமல் வருகிறது. இது எல்லாமே காஞ்சிபுரத்து போதிதர்மர் சொல்லிக்கொடுத்ததுதானே என்கிறார்கள். டேக்வாண்டோவுக்கும் போதிதர்மருக்கும் முடிச்சுப்போட எந்த ஆதாரமும் கிடையாது, தயவுசெய்து பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லாதீர்கள். இந்தியாவின் தடம் வேண்டும் என்றால் பூம்சே பெயர்களிலேயே இருக்கிறது, தேடிப் பாருங்கள். கறுப்புப் பட்டையில் இரண்டாவதாக வரும் கும்காங் என்பது பௌத்த நூல்களில் வச்சிரம் என்ற சொல்லுக்குக் கொரியர்கள் வழங்கும் சொல். அதே பெயரில் அவர்களுக்கு ஒரு மலையும் உண்டு. அந்தப் பூம்சேயில் ஒற்றைக் காலில் நின்று, ஒரு கை நெற்றிக்கு மேலும் ஒரு கை தொடைக்கு முன்னும் வர, மிக மெதுவாக அசைய வேண்டும். கால் நடுங்கினால் அத்தனை பேருக்கும் தெரியும். கடைசிப் பூம்சேயான இல்யோவில் காலடிகள் தரையில் ஸ்வஸ்திக வடிவத்தில் நகரும். கொரியாவில் அது பௌத்தக் கோயிலின் அடையாளம். செட்டா நகர் முருகன் கோயில் வாசல் கோலத்தில் அந்த வடிவத்தைப் பார்த்து வளர்ந்த செம்பூர்ப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் எவ்வளவு நெருக்கமாக இருக்கும். பௌத்தம் மத்திய ஆசியா, சீனா வழியாக நூற்றாண்டுகள் நடந்துபோய்க் கொண்டுசேர்த்தது அது. இதற்கு மேல் சொந்தம் கொண்டாட வேண்டியதில்லை.

பழகும் இடத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். தனிநபர் போட்டித் திடல் பத்துக்குப் பத்து மீட்டர். நம் பிள்ளைகளின் கோலி, அதாவது ஒற்றை அறை வீடு, பத்துக்குப் பத்து அடி, அதிலும் கட்டில், பீரோ, அம்மாவின் தையல் மெஷின். ஆகவே வீட்டில் பூம்சேயை மடித்துச் செய்யச் சொல்கிறேன். முன்னால் ஓர் அடி வைத்தால் அடுத்ததை அதே இடத்தில் கால் மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பல் மட்டும் முழுசாக. மழைக்காலத்தில் சந்தில் தண்ணீர் நின்றால் மாடியும் கிடைக்காது. அந்த மூன்று மாதமும் இப்படித்தான். மாட்டுங்காப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா இருக்கிறது, காலையில் நடப்பவர்கள் வருவதற்கு முன் போய்விட்டால் ஐந்தாவதான ஓ ஜாங்கை முழு நீளத்துக்குச் செய்யலாம். எங்கே செய்தாலும் பெயரைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பக்கத்து வீட்டார் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

பெயரைப் பற்றிக் கடைசியாக ஒன்று. எங்கள் வகுப்பில் முதல் டானுக்கு, அதாவது கறுப்புப் பட்டைக்குத் தயாராகும் ஒரு பெண் இருக்கிறாள். குக்கிவோன் சான்றிதழுக்கான விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுக்கும் வழக்கம் பரவியது. மும்பைக்கு வந்தவர்களுக்கு அது வேறு விதமாகிவிட்டது. இங்கே பள்ளியில் சேர்க்கப் போனால் 'ஆட்நாவ்', அதாவது குடும்பப் பெயர், என்ன என்று கேட்பார்கள். நமக்கு ஆட்நாவ் ஏது? ஊரில் தாத்தா எப்போதோ விட்ட சாதிப் பெயரைக் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டார்கள். அவளுக்கும் அப்படித்தான் எழுதப்பட்டது, ஆதாரிலும் அதுவே ஏறிவிட்டது. 1940 கதையை நான் வகுப்பில் சொன்ன அடுத்த வாரம் அவள் வந்து, "அக்கா, சர்ட்டிஃபிகேட்ல அந்தப் பேரு வேண்டாம், அப்பா பேரு போதும்" என்றாள். டெஸ்ட் தேதி நெருங்கிவிட்டதே, பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று அவளுடைய அம்மா கேட்டுப் பார்த்தார். அவள் அசையவில்லை. இப்போது மகாராஷ்டிர அரசு கெசட்டில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். இந்த டெஸ்டை அவள் விட்டுவிட்டாள். அடுத்ததில் கலந்துகொள்வாள். அதுவரை எட்டாவதான பல் ஜாங்கின் இரட்டைப் பாய்ச்சல் உதையில் இறங்கும்போது இடறும் முழங்காலைச் சரிசெய்துகொண்டிருக்கிறோம்.